பால் ஹிண்டெமித்தைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டெமித்தைக் கேட்க ஆசைப்படுகிற பலர் தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்குவதில்லை. இசை வரலாற்றைப் பற்றி எங்கோ படிக்கும்போது அவர் பெயர் கண்ணில் படும். இசைக் கோட்பாடு எழுதியவர், பன்னிரண்டு ஃபியூக் (ஒரே மெட்டை ஒவ்வொரு குரலாகத் தொடர்ந்து எடுக்கும் வடிவம்) கொண்ட பியானோத் தொகுப்பு ஒன்றை எழுதியவர் என்று அங்கே போட்டிருக்கும். உடனே அந்தத் தொகுப்பைத் தேடி எடுத்து, கால் மணி நேரம் கேட்டுவிட்டு, "இது கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறதே" என்று விட்டுவிடுவார்கள். வறட்டு இசை என்ற பேர் அவருக்கு இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அது நியாயமே இல்லாத பேர் என்பது என் உறுதியான எண்ணம். சரியான வரிசையில் கேட்டால் இருபதாம் நூற்றாண்டு ஜெர்மன் இசைக்குள் நுழைய இவரைவிட நல்ல துணை கிடையாது.

வரிசைக்கு அடிப்படையான விஷயம் ஒன்றுதான். ஹிண்டெமித் முதலில் வாத்தியக்காரர், அப்புறம்தான் கோட்பாட்டாளர். வயலினில் தொடங்கி, அதைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த வியோலாவுக்கு வந்தவர். தன் காலத்தில் ஐரோப்பாவின் முன்னணி வியோலா கலைஞர்களில் ஒருவர். அதனால் வியோலாவிலிருந்து தொடங்குங்கள்.

கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

1895 நவம்பர் 16 அன்று, பிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஹனாவ் நகரில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம், கண்டிப்பான அப்பா. பிராங்க்பர்ட்டின் ஹோக் கன்சர்வேட்டரியில் படித்தார். இருபது வயது ஆவதற்குள் அந்த ஊர் ஆப்பெரா இசைக்குழுவில் வயலின் வாசிக்கத் தொடங்கி, சீக்கிரமே முதல் வயலின் வரிசைக்குத் தலைமை ஏற்றுவிட்டார். 1915இல் அப்பா போரில் இறந்தார். பின்னர் இவரும் படைக்கு அழைக்கப்பட்டார். அங்கே ராணுவ பேண்டில் பெரிய டிரம் அடித்தார், தளபதிக்காக ஒரு நால்வர் குழுவில் வயலின் வாசித்தார்.

1918 மார்ச்சில் அந்த நால்வரும் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் குவார்ட்டெட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் சிப்பாய்கள், எதிரி நாடான பிரான்சின் இசை. மெதுவான பகுதி முடிந்த நேரத்தில் ஓர் அதிகாரி உள்ளே வந்து, டெபுஸி இறந்துவிட்டதாக வானொலியில் செய்தி வந்திருக்கிறது என்றார். அவர்கள் மீதியை வாசிக்கவில்லை. இசை நாட்டு எல்லைகளுக்கு அப்பாற்பட்டது என்பதை அன்றுதான் உணர்ந்ததாக ஹிண்டெமித் பின்னாளில் சொன்னார்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு உட்காருங்கள். பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் சம இடம் கொடுத்து மையமே இல்லாமல் எழுதும் ஷோன்பெர்க்கின் பன்னிரு ஸ்வர முறையை ஹிண்டெமித் ஏற்கவில்லை. எந்த இசைக்கும் இழுத்துப் பிடிக்கிற ஒரு மைய ஸ்வரம் உண்டு, அது இயற்கை என்று அவர் வாதாடினார். ஆதார ஷட்ஜத்தை வைத்தே கேட்டுப் பழகிய காதுக்கு இது பெரிய வசதி. நடுவில் எவ்வளவு உரசலான ஸ்வரங்கள் வந்தாலும் பதற வேண்டாம், மையம் எங்கே போய்ச் சேர்கிறது என்று மட்டும் காத்திருங்கள். பல பகுதிகளின் கடைசியில் பளிச்சென்று ஒரு மேஜர் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் இணக்கமான ஸ்வரக் கூட்டு) வந்து நிற்கும். அதுவரை வந்த உரசலெல்லாம் எதற்காக என்று அந்த இடத்தில் புரியும்.

முதலில்: எட்டு நிமிட இரங்கல் இசை

'டிரவர்மூசிக்' என்று தேடுங்கள். தனி வியோலாவும் தந்தி வாத்தியங்களும் மட்டும் கொண்ட படைப்பு, மொத்தமே எட்டு நிமிடம்தான்.

இது பிறந்த விதம் அலாதியானது. 1936 ஜனவரியில் ஹிண்டெமித் லண்டனுக்கு வந்திருந்தார். அவருடைய புதிய வியோலா கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) 22ஆம் தேதி அங்கே முதல் முறையாக ஒலிக்க வேண்டும். 20ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார். திட்டமிட்ட நிகழ்ச்சி ரத்து. ஆனால் ஹிண்டெமித் எப்படியாவது வானொலியில் வாசிக்க வேண்டும் என்று பிபிசியில் இருந்தவர்கள் விரும்பினார்கள். பொருத்தமான படைப்பு எதுவும் அகப்படவில்லை. சரி, புதிதாகவே ஒன்று எழுதிவிடலாம் என்று முடிவானது. 21ஆம் தேதி காலை 11 மணிக்கு பிபிசியில் அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். மாலை 5 மணிக்கு இசை தயார். அன்றிரவே ஏட்ரியன் போல்ட் இசைக்குழுவை நடத்த, ஹிண்டெமித் வியோலாவோடு நின்று நேரலையில் வாசித்தார்.

ஆறு மணி நேரத்தில் எழுதியது என்று சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவசரத்தின் சுவடே அதில் இல்லை. சிறு சிறு பகுதிகளாக நான்கு. முதல் மூன்றையும் இயல்பாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். நான்காவதில் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பாக் கையாண்ட ஒரு பழைய ஜெர்மன் தேவாலயப் பாடலைத் தந்திகள் வரி வரியாகப் பாடும். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவை நிற்க, வியோலா தனியாக ஏதோ சொல்லும். பிறகு அடுத்த வரி. கூட்டமாக நிற்பவர்கள் பிரார்த்திக்க, இடையிடையே ஒருவர் மட்டும் தன் துக்கத்தைச் சொல்வது போன்ற அமைப்பு. அந்த மெட்டு ஆங்கிலேயர்களுக்கும் சிறு வயதிலிருந்து பழக்கமான பைபிள் சங்கீதப் பாடல் மெட்டு என்பது எழுதும்போது ஹிண்டெமித்துக்குத் தெரியாது. அன்றிரவு வானொலி முன் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இன்னொரு முறை கேளுங்கள்.

வியோலாவின் குரல் பிடித்துவிட்டால், ரத்தான அந்தக் கான்செர்ட்டோவையும் தேடுங்கள். பெயர் 'டெர் ஷ்வானென்டிரேயர்'. பழைய ஜெர்மன் நாட்டுப்பாடல்களின் மீது கட்டியது. ஊர் ஊராகப் போகும் பாட்டுக்காரன் ஒருவன் கூட்டத்துக்கு நடுவே வந்து, தூர தேசத்திலிருந்து கொண்டுவந்த பாடல்களை வாசிக்கிறான் என்பது கற்பனை. இதற்கான இசைக்குழுவில் வயலின்களே கிடையாது, மற்ற வியோலாக்களும் கிடையாது. தனி வாத்தியத்தின் நடுத்தரக் குரல் அமுங்கிவிடக் கூடாது என்ற அக்கறை. வாசிக்கிறவனுக்குத்தான் இந்த யோசனை வரும்.

அடுத்து: ஓவியத்தைப் பார்த்துவிட்டு ஒரு சிம்பொனி

'மாதிஸ் டெர் மாலர்', அதாவது ஓவியர் மாதிஸ், அவருடைய மிகப் பெரிய சாதனை. ஆப்பெராவாகவும் இருக்கிறது, அரை மணிக்கும் குறைவான சிம்பொனியாகவும் இருக்கிறது. சிம்பொனியில் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

பிரான்சில் கோல்மார் நகரின் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது. மத்தியாஸ் குரூனேவால்ட் 1512க்கும் 1516க்கும் இடைப்பட்ட காலத்தில் வரைந்தது. தோல் நோயாளிகளைப் பராமரித்த ஒரு மடத்துக்காக வரைந்ததால், சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் உடம்பிலேயே புண்கள் தெரியும். இணையத்தில் பெரிய படங்களாகக் கிடைக்கிறது. அதில் மூன்று காட்சிகளைத் தேடிப் பிடியுங்கள்: தேவதைகள் வாத்தியம் வாசிப்பது, கிறிஸ்துவை அடக்கம் செய்வது, விகாரமான பூதங்கள் புனித அந்தோணியாரைச் சூழ்ந்து பிய்ப்பது. சிம்பொனியின் மூன்று பகுதிகளும் இதே வரிசையில் இவைதான். படங்களைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டே கேட்கலாம்.

முதல் பகுதி மெல்ல விரியும் ஒளி போலத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் டிராம்போன்கள் தணிந்த குரலில் 'மூன்று தேவதைகள் பாடினார்கள்' என்ற பழைய பாடலை எடுக்கும். அந்த மெட்டு மூன்று முறை வரும், ஒவ்வொரு முறையும் முன்னதைவிட உயரமான சுருதியில். இதை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு இசை வேகமெடுக்கும், வேறு இரண்டு மெட்டுகள் வரும். பகுதியின் நடுவில் எல்லாம் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பழைய பாடல் தன் நடையிலேயே, மற்றவற்றின் தாளத்தைச் சட்டை செய்யாமல், மேலே மிதந்து வரும். முதல் முறை கேட்கும்போது தவறவிட்டால் பரவாயில்லை, திரும்பப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பகுதி சின்னது. மூன்றாவதுதான் நீளமானது. தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே குரலில் தாளக் கட்டில்லாமல் கதறுவதில் தொடங்கும். "நல்ல இயேசுவே, எங்கே இருந்தீர்? என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை?" என்று ஓவியத்தில் லத்தீனில் எழுதியிருக்கிறது. அந்த வரிகளையே இந்தப் பகுதியின் தலைப்பில் ஹிண்டெமித் எழுதி வைத்தார். பிறகு துரத்தல், அலறல், நடுவில் ஒரு தளர்ந்த அமைதி, மறுபடி துரத்தல். கடைசியில் தந்திகள் சுழன்றுகொண்டிருக்க மரக்குழல் வாத்தியங்கள் ஒரு பழைய லத்தீன் துதிப்பாடலைப் பிடிக்கும், பித்தளை வாத்தியங்கள் அல்லேலூயா என்று முழங்கி முடிக்கும்.

அந்தக் கேள்வியும் முழக்கமும் வந்த காலத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிம்பொனி 1934 மார்ச் 12 அன்று பெர்லினில், புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் நடத்த அரங்கேறியது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டு கடந்திருந்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள், ஆட்சியாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 1929இல் வந்த அவருடைய நகைச்சுவை ஆப்பெரா ஒன்றில் குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடி ஒரு பெண் பாடுவாள், அதிலேயே ஹிட்லருக்கு வெறுப்பு. போதாததற்கு ஹிண்டெமித் யூத இசைக்கலைஞர்களோடு சேர்ந்து வாசித்துவந்தார். மனைவி கெர்ட்ரூட்டின் அப்பாவும் யூத வம்சாவளி. 1934 நவம்பர் 25 அன்று 'ஹிண்டெமித் விவகாரம்' என்ற தலைப்பில் ஃபுர்ட்வெங்லர் பத்திரிகையில் வெளிப்படையாக ஆதரித்து எழுதினார். விளைவு தலைகீழானது. டிசம்பர் முதல் வாரத்தில் ஃபுர்ட்வெங்லர் பதவிகளைத் துறக்க வேண்டி வந்தது. நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பொதுக்கூட்டத்தில் ஹிண்டெமித்தைத் தாக்கிப் பேசினார். 1936இல் ஜெர்மனியில் அவர் இசைக்குத் தடை வந்தது.

ஹிண்டெமித்தை அப்பழுக்கற்ற வீரராகக் காட்ட வேண்டியதில்லை. கொஞ்ச காலம் நாட்டிலேயே இருந்து சமாளித்துவிடலாம் என்று அவர் நம்பினார், அதற்கு முயற்சியும் செய்தார். இடையில் துருக்கிக்குப் போய் அங்காராவில் கன்சர்வேட்டரி அமைக்க உதவினார். ஆனால் அதே ஆண்டுகளில் அவர் எழுதிய ஆப்பெராவைப் பாருங்கள். 1525ஆம் ஆண்டு விவசாயிகள் போரில், வரைவதை விட்டுவிட்டு மக்களோடு சேர்ந்து போராடப் போகிறான் ஓர் ஓவியன். அங்கேயும் கொடுமையைப் பார்த்து மனம் உடைகிறான். கலைஞனின் கடமை எது என்பதுதான் கேள்வி. கதையையும் பாட்டு வரிகளையும் அவரே எழுதினார். அதில் புத்தகங்களை எரிக்கும் காட்சி ஒன்றும் வருகிறது, பெர்லினில் நாஜிகள் புத்தகம் எரித்தது 1933 மே மாதம். அந்த ஆப்பெரா ஜெர்மனியில் அரங்கேற முடியவில்லை, 1938 மே மாதம் சூரிச்சில்தான் மேடை கண்டது. அதே ஆண்டு ஹிண்டெமித் தம்பதி சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1940இல் அவர் அமெரிக்கா போய், யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மூன்றாவதாக: கொண்டாட்டம்

இத்தனை கனத்துக்குப் பிறகு 'வெபர் மெட்டுகளின் மீதான சிம்பொனி உருமாற்றங்கள்' கேளுங்கள் (வெபர் பழைய தலைமுறை ஜெர்மன் இசையமைப்பாளர்). அமெரிக்காவில் 1943இல் எழுதியது, இருபது நிமிடம். இசைக்குழு என்னவெல்லாம் செய்யும் என்று காட்டுவதற்கு இதைவிட உற்சாகமான படைப்பு குறைவு. இரண்டாவது பகுதியில் ஒரு சீன மெட்டைப் புல்லாங்குழல் தொடங்கும். அது கை மாறிக் கை மாறி, ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் ஏறிக்கொண்டே போகும். உச்சத்துக்குப் போய் நின்றதும் டிராம்போன் அதே மெட்டை ஜாஸ் பாணியில் முறுக்கி எடுக்கும், மற்ற பித்தளைகள் ஒவ்வொன்றாகச் சேரும். அப்புறம் தாளவாத்தியங்களும் மணிகளும் தனியாக அதைப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினால் கூடவே தட்டுவார்கள்.

இதோடு 'நான்கு சுபாவங்கள்' என்ற படைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பியானோவும் தந்திகளும். நடன அமைப்பாளர் பாலன்சினுக்காக 1940இல் எழுதியது. ஒரு மெட்டைச் சோகக்காரன், உல்லாசக்காரன், மந்தக்காரன், கோபக்காரன் என நான்கு பேர் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று காட்டுவது. நடனத்தோடு பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

உங்கள் வாத்தியத்துக்கு அவர் எழுதியது

நீங்களோ வீட்டில் யாராவதோ மேற்கத்திய வாத்தியம் ஏதாவது கற்றுக்கொண்டால், ஹிண்டெமித் அதற்கு ஒரு சொனாட்டா (ஒன்றிரண்டு வாத்தியங்களுக்கான, பல பகுதிகள் கொண்ட படைப்பு) எழுதியிருப்பார் என்று ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 1930களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளில் புல்லாங்குழல், ஓபோ, பசூன், கிளாரினெட், ஹார்ன், டிரம்பெட், ஹார்ப், டிராம்போன், டபுள் பாஸ் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். 1955இல் டியூபாவுக்கும் எழுதினார். தனிக்கச்சேரி மேடையை யாருமே கொடுக்காத வாத்தியங்கள் இவற்றில் பல. மாணவர்கள் தேர்வுகளுக்கு இன்றும் இவற்றை வாசிக்கிறார்கள். எனக்கு இவருடைய குணத்தில் மிகப் பிடித்தது இதுதான்: வாசிக்க எதுவும் இல்லாதவனுக்கு எழுதிக் கொடுப்பது. ஆல்ட்டோ ஹார்ன் சொனாட்டாவில் (1943) கடைசிப் பகுதிக்கு முன்னால் ஹார்ன் வாசிப்பவரும் பியானோ வாசிப்பவரும் ஒரு கவிதையை உரையாடலாகப் பேச வேண்டும், அந்தக் கவிதையும் அவர் எழுதியதே.

1932இல் புளோன் என்ற ஊரின் உறைவிடப் பள்ளிக்காக, காலைத் துயிலெழுப்பும் இசை, சாப்பாட்டு நேர இசை, மாலைக் கச்சேரி என்று ஒரு முழு நாளுக்கும் எழுதிக் கொடுத்தார். வாசிக்க வேண்டியவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

இளம் ரகளைக்காரர்

காது இவ்வளவு பழகிய பிறகு 1922க்குப் போங்கள். 'காமர்மூசிக்' என்ற வரிசையில் ஏழு படைப்புகள் உண்டு. முதலாவது பன்னிரண்டு பேருக்கானது. அக்கார்டியன் உண்டு, மணல் நிரப்பிய தகர டப்பா உண்டு, கடைசியில் ஆலைச் சங்கு போன்ற சைரன் உண்டு. அதற்கு நேர் எதிராக மூன்றாவது பகுதியில் புல்லாங்குழல், கிளாரினெட், பசூன் மூன்றும் மெதுவாகப் பேசிக்கொள்ளும். உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கிளாக்கன்ஸ்பீல் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் அவ்வப்போது தொட்டுவிட்டுப் போகும். ரகளை செய்ய வந்தவருக்கு இவ்வளவு மென்மை எங்கிருந்து வந்தது என்று இருக்கும்.

அதே ஆண்டின் தனி வியோலா சொனாட்டா, ஓபஸ் 25 எண் 1, கட்டாயம் கேட்க வேண்டியது. அதில் இரண்டு பகுதிகளை பிராங்க்பர்ட்டுக்கும் கோலோனுக்கும் இடையே ரயிலின் உணவுப் பெட்டியில் உட்கார்ந்து எழுதி, இறங்கியதும் நேராக மேடையேறி வாசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நான்காவது பகுதிக்கு அவர் கொடுத்த குறிப்பு: வெறிபிடித்த வேகம், காட்டுத்தனமாக, நாத இனிமை இரண்டாம்பட்சம். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. தாழ்ந்த தந்தி நிற்காமல் உறுமிக்கொண்டே இருக்க, மேலே கார்டுகள் வெட்டி வெட்டி விழும்.

தள்ளிப் போடலாம் என்பவை

'லூடுஸ் டோனாலிஸ்', ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பியானோத் தொகுப்பு, இப்போதுதான். ஒரே நாளில் முழுதும் வேண்டாம். முன்னுரைப் பகுதியையும் கடைசிப் பகுதியையும் மட்டும் முதலில் கேளுங்கள். முன்னுரையின் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் ஏறக்குறைய கடைசிப் பகுதி வந்துவிடும். பிறகு நாளுக்கு இரண்டு ஃபியூக் போதும். மனைவியின் 50ஆம் பிறந்தநாளுக்கு இதன் பிரதி ஒன்றில் பக்கம் பக்கமாகச் சிங்கங்களை வரைந்து, வண்ணம் தீட்டிக் கொடுத்தார் ஹிண்டெமித். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் இதை வறட்டு இசை என்று சொல்ல மாட்டார்கள்.

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்க்கேயின் கவிதைகளுக்கு எழுதிய 'மரியன்லேபன்' பாடல்களுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு, 1923இல் ஒன்று, 1948இல் திருத்திய ஒன்று. திருத்தியதுதான் மேல் என்று அவர் வாதாடினார். என் காதுக்குப் பழையதில்தான் உயிர் அதிகம். 1957இல் வந்த 'உலகின் ஒத்திசைவு' ஆப்பெராவுக்கு அவசரமே இல்லை.

எந்தப் பதிவைக் கேட்பது?

ஹிண்டெமித் 1950களில் பெர்லின் பில்ஹார்மோனிக்கை நடத்திப் பதிவு செய்த மாதிஸ் சிம்பொனியும் வெபர் உருமாற்றங்களும் கிடைக்கின்றன. ஒலித்தரம் பழையது, ஆனால் அவர் எவ்வளவு நேரடியாக, குழையாமல் நடத்துகிறார் என்று தெரிந்துகொள்ள உதவும். தெளிவான ஒலியில் வேண்டுமென்றால் ஹெர்பெர்ட் பிளோம்ஸ்டெட் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு செய்த பதிவு. புதியவர்கள் அதிலேயே தொடங்கலாம், இரங்கல் இசையும் அதில் உண்டு. வியோலா சொனாட்டாக்களுக்கு கிம் காஷ்காஷியன் அல்லது தபேயா சிம்மர்மன். காமர்மூசிக் ஏழுக்கும் ரிக்கார்டோ ஷைய். பித்தளை வாத்திய சொனாட்டாக்களில் பியானோ வாசித்திருப்பவர் கிளென் கூல்ட், அந்தப் பழைய மரியன்லேபனையும் பாடகி ரோக்சொலானா ரோஸ்லாக்கோடு பதிவு செய்திருக்கிறார்.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் பிராங்க்பர்ட்டின் சாக்சன்ஹவுசன் பகுதியில் குஹிர்ட்டன்டுர்ம் என்ற பழைய கோபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். 1920களில் ஹிண்டெமித் குடியிருந்த வீடு அதுதான். இப்போது அவர் நினைவாக ஒரு சின்ன அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. திறந்திருக்கும் நாட்கள் குறைவாக இருக்கலாம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, ரூஸ்வெல்ட்டின் மறைவுக்கும் போரில் மாண்டவர்களுக்கும் 1946இல் அவர் எழுதிய ரெக்குவியத்தைக் கேளுங்கள். லிங்கனின் மரணத்துக்காக வால்ட் விட்மன் எழுதிய, லைலாக் பூக்களைப் பற்றிய நீண்ட கவிதைதான் அதன் வரிகள். ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அதே ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய இரங்கற்பா இது. கவிதையை முன்னமே ஒரு தடவை படித்துவிட்டு, கேட்கும்போதும் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.